பூத்தோட்டத்துக்கு நான் எழுதிய பதினோரு விதிகள்

1

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் மனைவி பாக்கியம் பிடிபட்டாள்.

ஊரில் இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் பதற வேண்டாம். பிடிபட்டது எங்கள் சுங்கைப்பட்டாணி நகரப் பூத்தோட்டத்தில். கையும் களவுமாக, முந்தானை நிறையச் செம்பருத்தியோடு. பிடித்தவர் தோட்டத்துக் காவல்காரர், ஏறக்குறைய என் வயதுள்ள மலாய்க்காரர், சாது. பலகையைப் பார்க்கவில்லையா அம்மா என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். பாக்கியம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். மலாய்ப் பேச்சில் என்னை மூட்டை கட்டிவிடுவாள். "சாமிக்குப் பறிக்கிறேன், என் கொண்டைக்கா பறிக்கிறேன்?" என்று அந்த மனிதரையே குற்றவாளி ஆக்கிவிட்டாள். அவர் வேறு வழியில்லாமல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் நகரசபை அலுவலகத்துக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

போன மாதம்தான் தோட்டத்து வாசலில் புதுப் பலகை நட்டார்கள். பழைய விதிகளைப் புதுப்பித்து, அபராதங்களை உயர்த்தி, நாலு மொழியில் எழுதியிருக்கிறார்கள். நாய் கூடாது, சைக்கிள் கூடாது, புல்லில் பந்தாடக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. பூப்பறித்தால் இருபத்தைந்து வெள்ளி, அதாவது டாலர், அபராதம்.

எங்கள் மகள் கமலா ஆங்கிலப் பள்ளியில் டீச்சர். சீட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அம்மா, மாலு லா! என் ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் அந்த கேட் வழியாத்தான் போறாங்க. டீச்சரோட அம்மா சம்மன் கெனா, மாட்டிக்கிட்டாங்கன்னு பேசுவாங்க லா."

"பேசட்டும். வெக்கமாம் வெக்கம்! சின்னதுல ஜப்பான்காரன் பாட்டெல்லாம் மனப்பாடம் பண்ணினே. ஒரு சாமி பாட்டு தெரியுமாடி உனக்கு?"

சாயங்காலம் துணிக்கடை வேலை முடிந்து வரும்போது அந்தப் பலகை முன்னால் போய் நின்றேன். விதிகளைக் கண்டால் நின்று படிப்பது என் பழைய நோய். கமலாவும் கூட வந்திருந்தாள். ஆங்கிலத்தையும் மலாயையும் கடகடவென்று படித்தாள். தமிழ் வந்ததும் "இதுவும் அதேதான் பா" என்று தாண்டிப் போய்விட்டாள். நான் தமிழை மட்டும் இரண்டு தடவை படித்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே உயரத்தில், ஒரு பலகை இருந்தது. அதில் தமிழை எழுதியவன் நான். தமிழை மட்டுமா, விதிகளையே நான்தான் எழுதினேன்.

2

பூ விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும். அடுத்தவன் வேலியில் ஒரு கத்தரிக்காயைத் தொட்டால் திருட்டு. அதே வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நந்தியாவட்டையை விடியற்காலையில் பறித்தால் புண்ணியம். மன்னார்குடியில் நான் படிக்கும்போது எங்கள் தலைமை ஆசிரியர் வீட்டு மதிலோரம் ஐந்து மணிக்கே கூட்டம் கூடிவிடும். அவர் உள்ளே இருந்து இருமுவார். வெளியே இருப்பவர்கள் அந்த இருமலுக்கு இரண்டு பூவை மரத்தில் விட்டுவைப்பார்கள். அவ்வளவுதான் தகராறு.

நான் இங்கே வந்தது இருபத்திரண்டு வயதில். நாலு எழுத்து ஆங்கிலம் தெரிந்ததால் நகர வாரியத்தில் கிராணி வேலை கிடைத்தது. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. எழுத்து வேலை செய்கிறவன் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுகிறவன் வீட்டில் பெண் எடுப்பதா என்று பலரும் முகம் சுளித்தார்கள். நான் சுங்கை லாலாங் எஸ்டேட்டுக்குப் போய் பாக்கியத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் அண்ணன் பல வருஷம் எனக்குக் கடிதம் போடாமல் இருந்தார். இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதை அவர் இரகசியமாகப் படிப்பதாகக் கேள்வி. படிக்கட்டும்.

வெள்ளைக்காரர் காலத்துப் பலகையில் பூப்பறிக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் நாலே சொல் இருந்தது. அபராதமும் இருந்தது. ஒருவரிடமும் வாங்கியதில்லை. பாக்கியம் தினமும் விடியலில் போய்ப் பறித்துக்கொண்டு வருவாள். வாரியத்து உத்தியோகஸ்தன் பெண்டாட்டி வாரியத்து விதியை மீறலாமா என்று நான் கேட்பேன். "பூக்குறது சாமி. உங்க வாரியமா பூக்குது?" என்பாள். எங்கள் கல்யாண வாழ்க்கையின் முதல் எட்டு வருஷச் சண்டையில் பாதி இந்தப் பூச்சண்டைதான். ஒரு தடவையும் நான் ஜெயித்ததில்லை. அது எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

3

ஜப்பான்காரன் வந்ததும் முதலில் கடிகாரத்தை மாற்றினான். ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி தோக்கியோவோடு சேர்த்துவிட்டான். ஊரில் புது மணி, பழைய மணி என்று இரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அரிசி குறைந்தது, துணி குறைந்தது. பூத்தோட்டத்துப் புல்வெளியில் பாதியைக் கொத்தி மரவள்ளி நட்டோம். ஏழு வயதுக் கமலா கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கக் கற்றுக்கொண்டு வந்து, வீட்டில் கோழிகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தாள்.

வாரியத்துக்குத் தலைவராக வந்தவர் பெயர் மொரிதா. ஒல்லியான மனிதர். கண்ணாடி போட்டிருப்பார். கத்த மாட்டார். கன்னத்தில் அறைவது அவர்களில் பலருக்குக் கைவந்த கலை, இவர் அதையும் செய்ததில்லை. சொந்த ஊரிலும் நகர அலுவலகத்தில்தான் வேலை பார்த்தாராம். மரவள்ளிக்காகப் புல்லைக் கொத்திய அன்று வேலை முடிகிறவரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்சமிருந்த பூச்செடிகளைத் தானே வெட்டிச் சீராக்குவார். அவர் ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்து மலாய் கற்றிருந்தார். என் மலாயும் சுமார். இரண்டு பேரும் அந்த மலாயில்தான் அலுவல் நடத்தினோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சண்டைக் காலத்துக் கதையில் இதைச் சொல்லக் கூடாதோ என்னவோ, பிடித்திருந்தது.

அவர்கள் வந்த இரண்டாவது வருஷத்தில் ஒரு நாள் என்னை அழைத்தார்.

"தோட்டத்து விதிகளைப் புதுப்பிக்க வேண்டும். மேலிடத்து உத்தரவு. இங்கே வரும் ஜனங்கள் என்னென்ன தப்பு செய்வார்கள்? நீ எழுதிக் கொடு. தண்டனையை மேலிடம் எழுதும்."

புத்தியுள்ளவன் நாலு விதி எழுதிக் கொடுத்திருப்பான். நான் கிராணி. மேலதிகாரி பட்டியல் கேட்டால் தாள் நிறைய வேண்டும். மெலிந்த பட்டியல் கொடுப்பது சோம்பேறித்தனம் என்று எனக்குப் பழக்கப்படுத்தியிருந்தார்கள். தலையைச் சொறிந்து, உட்கார்ந்து, பதினொன்று எழுதினேன். பெஞ்சில் படுத்துத் தூங்கக் கூடாது. தோட்டத்துக் குழாயில் துணி துவைக்கக் கூடாது. இந்தக் குழாய் விதி ஏன் வந்தது தெரியுமா? ஒரு நாள் யாரோ துவைத்த தண்ணீர் என் வெள்ளைக் கால்சட்டையில் தெறித்தது. அந்தக் கோபம்தான். மரத்தடியில் கல் நட்டு மஞ்சள் பூசக் கூடாது, கிளையில் வேட்டி காயப்போடக் கூடாது என்று இப்படியே போயிற்று.

பூ விதி வந்தபோது பேனா தானாகவே நின்றது. எட்டு வருஷச் சண்டை ஞாபகம் வந்தது. "பூப்பறிக்கக் கூடாது" என்று எழுதியவன் அதோடு நிறுத்தவில்லை. "சாமிக்கு, கோயிலுக்கு என்று சொல்லும் காரணம் ஏற்கப்படாது" என்று சேர்த்தேன். வீட்டில் ஜெயிக்க முடியாததைப் பலகையில் ஜெயித்துவிட்டேன். அன்று சாயங்காலம் விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

பத்து நாளில் தாள் திரும்பி வந்தது. பதினோரு விதிக்கும் எதிரே தண்டனைப் பத்தியில் ஒரே வாசகம். சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பப்படுவார்.

அப்போது சயாம் என்றால் என்னவென்று ஊருக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. எஸ்டேட் எஸ்டேட்டாக லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. பாதை போட ஆள் தேவை, எந்தக் காரணம் சொல்லியாவது ஆள் பிடிக்க வேண்டும். இது அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரிந்ததெல்லாம், வெள்ளைக்காரர் அபராதம் மாதிரி இதுவும் சும்மா மிரட்டல்தான் என்பது. பலகையில் தமிழை நானே எழுதினேன். எழுத்து நன்றாக வந்ததில் எனக்குத் திருப்திகூட இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

4

நடுவில் இன்றைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை நானும் பாக்கியமும் நகரசபை அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்தது தமிழ்ப் பெண்தான். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மலாயில்தான் பேசுவது என்று வைத்திருக்கிறது. மூன்று படி நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தைக் கொடுத்தது. அதில் காரணம் என்று ஓர் இடம்.

பாக்கியத்தின் காதில், "பலகை கண்ணில் படவில்லைன்னு எழுதிடட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? பட்டுச்சே. பார்த்தேன், பறிச்சேன்னு எழுதுங்க."

"அப்படி எழுதினா அபராதம் போடுவாங்க."

"போட்டா கட்டுங்க. வயசான காலத்துல பொய் எழுதி வாங்கின பூவைச் சாமிக்கு வைக்கவா?"

அந்தப் பெண் அப்போதுதான் தமிழுக்கு வந்தது. "ஆன்ட்டி, இந்தத் தடவ வார்னிங் தான் லா. இனிமே பறிக்காதீங்க. வீட்டுல ஒரு செடி வைங்க லா" என்று சிரித்தது. எச்சரிக்கை என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு முத்திரை குத்தியது. நாங்கள் வெளியே வந்தோம். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! நான் நிரப்பிய அந்தப் பழைய தாளில் எச்சரிக்கை என்று ஒரு கட்டம் இல்லை. நானும் அப்படி ஒன்று போடலாம் என்று நினைக்கவில்லை. பாக்கியம் பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அவள் தம்பியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

5

பாக்கியத்தின் தம்பி வேலுவுக்கு அப்போது முப்பது வயது. சுங்கை லாலாங்கில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். ரப்பர் வாங்க ஆளில்லாமல் எஸ்டேட் படுத்துவிட்டது. எங்களோடு வந்து இருந்துகொண்டு வீட்டுக் கொல்லையில் மரவள்ளி போட்டான், கமலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தான். அக்கா என்றால் உயிர்.

பலகை வந்த பிறகு பாக்கியம் தோட்டத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். நான்தான் பயமுறுத்தி நிறுத்தினேன். சாமி படத்துக்கு மஞ்சள் அரிசியைப் போட்டுக் கும்பிட்டாள். ஆடி வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கும் பூ இல்லை. படத்து முன்னால் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வேலு பார்த்துவிட்டான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நானே அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். மறு வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பும்போது வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் தடுத்திருக்கிறார்.

"மச்சான் எழுதின பலகைதானே அண்ணே? நம்மளையா பிடிச்சிருவாங்க?" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

பிடித்துவிட்டார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கிடங்கு ஒன்று இருந்தது. சயாமுக்குப் போகிறவர்களை அதில்தான் அடைத்துவைப்பார்கள். மறுநாள் காலை ரயில்.

சேதி வந்தபோது பாக்கியம் அழவில்லை. என் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"நீங்க எழுதினது. நீங்களே அழிச்சிட்டு வாங்க."

மொரிதாவின் மேசை மேல் வேலு பறித்த பூக்கள் இருந்தன, வாழை இலைத் துண்டில், சாட்சிப் பொருளாக. வாடிப் போயிருந்தன. நான் குனிந்த தலை நிமிராமல் நின்றேன். என் மைத்துனன் என்று சொன்னேன்.

"விதி இருக்கிறது" என்றார். "நீ எழுதியது."

"ஆமாம், துவான்."

அவர் கோப்பை எடுத்துப் பார்த்தார். "ஆங்கிலேயன் பலகையில் நாலே சொல். நீ இரண்டு வரி எழுதியிருக்கிறாய். சாமிக்கு என்றாலும் கூடாது. இதை எதற்குச் சேர்த்தாய்? உன் சாமிதானே?"

எத்தனையோ அலுவல் காரணம் சொல்லியிருக்கலாம். செடி பாழாகிறது, தோட்டத்தின் அழகு கெடுகிறது என்று எட்டு வருஷமாக வீட்டில் சொன்ன காரணங்கள் நாக்கு நுனியில் இருந்தன. உண்மைதான் வெளியே வந்தது.

"என் மனைவியோடு சண்டை, துவான். தினமும் பூப்பறிப்பாள். சொன்னால் கேட்க மாட்டாள். அவளை ஜெயிக்க எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயித்தாயா?"

"இல்லை, துவான்."

அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். தன் வீட்டு முற்றத்தில் ஒரு செடி உண்டு, அதன் கிளையை இவர் வெட்டினால் மனைவி ஒரு வாரம் பேசமாட்டாள் என்றார். அந்த மனைவியைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று சொல்ல வந்து சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

பிறகு பழையபடி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். விதியை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் தோட்ட வேலையாட்களின் பெயர்ப்பட்டியல் அவர் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவனை ரயில் வேலைக்கு எடுக்கக் கூடாது என்று உத்தரவு உண்டு. தோட்ட வேலையாள் பூவைத் தொட்டால் குற்றமும் இல்லை. சொல்லிவிட்டு வருகைப் புத்தகத்தை, நாங்கள் செக்ரோல் என்போம், என் பக்கம் தள்ளினார். புதுப் பக்கத்தில் முதல் வரியில் வேலுவின் பெயரை எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக என்றைக்கும் இருந்ததில்லை. அவர் பக்கத்தின் அடியில் முத்திரை குத்தினார்.

"நான் இன்றைக்கு அலோர் ஸ்டார் போகிறேன். திரும்ப மூன்று நாளாகும். உனக்கும் தண்டனை உண்டு. ஒரு வாரம் தினமும் காலையில் பலகைக்கு முன்னால் நின்று பதினோரு விதியையும் சத்தமாகப் படி."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். அங்கே காவலாளிக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையைப் பார்த்தான். பெயரை நானே வாசித்தேன். வேலு வெளியே வந்தான்.

6

வெயில் தாழத் தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கமலா அவன் காலைக் கட்டிக்கொண்டது. பாக்கியம் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வேலு குவளையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை.

"மச்சான், அந்தப் புத்தகத்துல இன்னொரு பேர் எழுத எடம் இருந்துச்சா?"

"ஏன்?"

"உள்ள நம்ம பூத்தோட்டத்துல பிடிச்ச ஆளு இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் பேரு காளிமுத்து. பெஞ்சுல தூங்கினாராம். பெண்டாங் பக்கம் நெல்லு வேலைக்குப் போயிட்டு நடந்தே வந்தவரு, அசதியில படுத்துட்டாரு. இன்னொருத்தர் குழாயில துணி தொவச்சாராம்."

இடம் இருந்தது. வேலுவின் பெயருக்கும் முத்திரைக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு காலி வரிகள். எழுதி முடித்ததும் காலி வரிகளில் குறுக்கே கோடிழுத்து அடைக்க வேண்டும் என்பது கிராணிக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம். பதற்றத்தில் அன்று மறந்திருந்தேன்.

முத்திரைக்கு மேலே இரகசியமாக ஒரு பெயரைச் சேர்ப்பது என்ன குற்றம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் என் தலை போகும். ஒரு தடவை சிரித்த மனிதர் இரண்டாம் தடவையும் சிரிப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாக்கியத்தைப் பார்த்தேன். அவளுக்கும் பயம்தான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பேனாவை எடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திரும்ப வைத்திருந்த அலுவலகத்துக்கு ஓடினேன்.

இரண்டாவது வரியில் காளிமுத்து என்று எழுதினேன். மூன்றாவது வரிக்குப் பேனாவைக் கொண்டுபோனேன். துணி துவைத்தவரின் பெயர் வேலுவுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாமல் என்ன எழுதுவது? பேனாவை மூடினேன்.

கிடங்கில் காவல் மாறியிருந்தது. புதுக் காவலாளியும் முத்திரையைத்தான் பார்த்தான். காளிமுத்து என்று வாசித்தேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மனிதர் நம்பிக்கையில்லாமல் எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால் கதவோரமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு சின்னச் சட்டை, நாலு வயதுக் குழந்தையின் சட்டை, தோளில் உலரப் போட்டிருந்தார். நான் அடுத்த பெயரை வாசிப்பேனா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயர் என்ன என்று காவலாளி முன்னால் கேட்டால் எல்லாம் கெட்டுவிடும். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னும் இருக்கா?" என்று காவலாளி கேட்டான்.

"இல்லை" என்றேன்.

மறுநாள் காலையில் வேலுவும் காளிமுத்துவும் மண்வெட்டியோடு பூத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். நான் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ரயில் ஊதியது. அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. காவலாளிக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பெயரையும் எழுதியிருக்கலாம். ராமசாமி என்று எழுதி, ராமசாமி என்று வாசித்து, அந்த மனிதரின் கண்ணைப் பார்த்திருந்தால் போதும். அவர் வந்திருப்பார். அது என் புத்திக்கு எட்டவே இல்லை. பெயர் தெரியாத ஆளை எப்படிப் பட்டியலில் எழுதுவது என்றுதான் அதுவரை என் கை யோசித்துக்கொண்டிருந்தது.

ஈர முகத்தோடு வந்து பாக்கியத்திடம் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அவள் என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பிள்ளை எங்க இருக்கோ" என்று மட்டும் சொன்னாள். அவளும் வேலுவும் அந்த மாதம் முழுக்கத் தெருத் தெருவாக விசாரித்தார்கள். ஒருவரும் அந்த ஆளைத் தெரியும் என்று சொல்லவில்லை.

ஒரு வாரம் பலகை முன்னால் நின்று படித்தேன். குழாய் விதி வரும்போது ஒவ்வொரு நாளும் நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். மொரிதா திரும்பி வந்தார். செக்ரோலில் இரண்டாவது பெயரை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது பெயரையும் பார்த்திருப்பார். ரயில் போன அன்று, அலுவலகம் திறந்ததும் நான் முதலில் செய்த வேலை அதுதான். காளிமுத்துவுக்குக் கீழே ராமசாமி என்று எழுதி, எதிரே வந்திருக்கிறார் என்று குறி போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் வேலுவுக்கு, காளிமுத்துவுக்கு, ராமசாமிக்கு என்று மூன்று குறி. அந்தப் புத்தகம் தீர்கிறவரை ராமசாமி ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை.